பீங்கான் விளக்கும் ஒரு சிப்பிப் பொய்யும்

"இந்த விளக்குகளுக்கு உந்துதல் எது?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், பீங்கான் சிற்பி கண்ணை மூடிக்கொள்வார். "கடல் சிப்பி" என்பார். அவர் சிப்பியைக் கிட்டத்தில் பார்த்தது சட்டைப் பொத்தானில்தான்.

உண்மையான உந்துதல் அடுத்த மேசையில் உட்கார்ந்து மண் பிசைந்துகொண்டிருந்தது. அவருடைய அக்கா. கிண்ணத்தின் சுவரை உள்ளிருந்து கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி மெலிதாக்குவது அவள் பழக்கம். "சூளையில வச்சா கோணிக்கும்க்கா. இது கிண்ணமா, வெங்காயத் தோலா?" என்று தம்பி கத்துவார். கோணியவை ஜன்னலோரம் ஒதுக்கப்படும். ஒரு நாள் வெயில் அவற்றின்மேல் விழுந்தது. ஒவ்வொரு விரல் பள்ளத்திலும் வெளிச்சம் தேங்கி நின்றது. "உள்ள ஒரு பல்பை வச்சுப் பாரேன்டா" என்றவளும் அக்காதான்.

வைத்தார். பேர் வந்தது. பின்னாலேயே நிருபர் வந்தார். அக்கா தேநீரை வைத்துவிட்டுக் கதவருகே கொஞ்சம் நின்றாள். அந்த நேரம் பார்த்துத் தம்பியின் வாயில் சிப்பி வந்து விழுந்தது. அக்கா என்று சொன்னால் கலை மாதிரியே இல்லையாம்.

பத்திரிகை வந்த மறுவாரம் அக்கா தையல் கடையில் சேர்ந்துவிட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அவர் கட்டைவிரலோ தடி. அமுக்கினால் சுவர் கிழியும், விட்டால் வெளிச்சம் வராது. அவள் விட்டுப்போன கிண்ணங்களில் அச்செடுத்தே ஒன்பது வருடம் ஓட்டினார். அச்சுகளும் தேய்ந்தபிறகு தையல் கடைக்குப் போய் நின்றார்.

"திரும்ப வந்துடுக்கா."

"ஏன், சிப்பிக்கு லீவா?" அக்கா ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள்.

"தப்புதான்க்கா. பேப்பர்லயே உண்மையைச் சொல்லிடறேன்."

"உன் இஷ்டம்."

சொன்னார். "சிப்பியே இருக்கட்டுமே சார், எடுப்பா இருக்கு" என்றார் புது நிருபர். இந்த முறை தம்பி விடவில்லை. அக்காவின் படத்தோடு செய்தி வந்தது. சுடச்சுட எடுத்துக்கொண்டு ஓடினார்.

அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க. 'மண்ணைப் பிசைஞ்சு என்னத்தைக் கிழிச்ச'ன்னு அம்மா கடைசி வரைக்கும் என்னைக் கேட்டுட்டே இருந்தாங்க. இது போன வருஷம் வந்திருந்தா படிச்சுக் காட்டியிருப்பேன்."

அவர் பத்திரிகையைத் திரும்ப வாங்கி மடித்தார். அம்மாவின் கட்டிலருகே எரிந்ததும் அக்கா கை வைத்த விளக்குதான். அம்மா அந்தப் பள்ளங்களைத் தடவித் தடவி, "எவ்வளவு பொறுமையா அமுக்கியிருக்கடா" என்பாள். அவரும் தலையாட்டியிருக்கிறார்.