சுலைமான் வீட்டு அலமாரி

சென்ற சனிக்கிழமை பிற்பகல், ஓராண்டாகத் தள்ளிப்போட்ட ஒரு காரியத்தைச் செய்தேன். தோ பாயோவில் இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்குப் போய் சுலைமானைப் பார்த்தேன்.

சுலைமான் யார்? துவாஸில் ஒரு தொழிற்சாலையில் நாங்கள் பதினோரு ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் அலுவலகத்தில், அவர் பாதுகாப்பு அதிகாரி. என்னைவிட ஐந்து வயது இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். மதிய உணவு நேரத்தில் மற்றவர்கள் பிள்ளைகளின் டியூஷன் பற்றிப் பேச, அவர் வீடியோ கேம் பற்றிப் பேசுவார். நாற்பது வயது ஆளுக்கு இதெல்லாம் தேவையா என்று நானே கேட்டிருக்கிறேன்.

பிறகு அவருக்கு விழித்திரையில் நோய் வந்தது. மருந்தால் குணமாகாத வகை. பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. சென்ற ஆண்டு வேலையை விட்டார். இப்போது வெளிச்சம் எது, நிழல் எது என்பது மட்டும்தான் தெரியும்.

நான் ஏன் போகவில்லை? என்ன பேசுவது என்று தெரியவில்லை... அவ்வளவுதான். நான்கு முறை மெசேஜ் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததாக நினைத்துக்கொண்டேன்.

தேக்கா சந்தையில் வடை வாங்கிக்கொண்டு, ஆறுதல் வார்த்தைகளை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தபடி லிஃப்டில் ஏறினேன். அவர் மனைவி ரஹ்மத் கதவைத் திறந்தார். ஹாலில் சுலைமான் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கேம் பெட்டிகள். கையில் ஒரு கொத்து ரப்பர் பேண்ட்.

"பார்த்து வாங்க அக்கா, கீழ எல்லாம் பெட்டியா கிடக்கு" என்றார்.

எனக்கு வழி சொன்னது அவர்! ஒத்திகையை மறந்து, பெட்டிகளைத் தாண்டித் தாண்டிப் போய் உட்கார்ந்தேன்.

கேம் பெட்டிகளை அடுக்குவதில்தான் எத்தனை வகை மனிதர்கள்! என் மகன் விளையாடியது, விளையாடாதது என்று இரண்டாகப் பிரிப்பான் — விளையாடாத வரிசைதான் நீளம். எங்கள் ஆங் மோ கியோ அடுக்குமாடி புளோக்கில் ஒருவர் அட்டையின் நிறத்தைப் பார்த்து அடுக்குகிறார். தேடினால் எதுவும் கிடைக்காது, ஆனால் போட்டோவுக்கு அழகு. சுலைமான் முன்பெல்லாம், வாங்கிய வரிசைப்படி வைத்திருந்தார். முதல் சம்பளத்தில் வாங்கியது இடது மூலையில்.

பெட்டியின் முதுகில் இருக்கும் எழுத்தைப் படிக்க முடியாமல் போனபோது அந்த வரிசையால் என்ன பயன்? எல்லாவற்றையும் விற்றுவிடு என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அவர் பேசுவதே குறைந்துவிட்டதாம். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், போய்ப் படுத்துக்கொள்வார். ரஹ்மத் மனமில்லாமல்தான் இணையத்தில் விளம்பரம் போட்டார்.

ஒரு சீனப் பெண் வாங்க வந்தார். கல்லூரி மாணவி. ஒரு டிஸ்க்கை மட்டும் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். இரண்டு பேர் சண்டை போடும் கேம் அது. டிவியில் குத்தும் உதையுமாகச் சத்தம். சுலைமான் சமையலறையில் ஆறிய தேநீரோடு உட்கார்ந்திருந்தார்.

திடீரென்று அங்கிருந்து ஆங்கிலத்தில் அவர் குரல். எதிராளி குதித்துவிட்டான், இறங்கும்போது கீழே அடி என்றது. அந்தப் பெண் திகைத்துப்போய் அப்படியே அடித்தார். அந்தச் சுற்றில் ஜெயித்தார். அடுத்த சுற்றிலும் குரல் வந்தது. எதிராளி இடது பக்கம் வந்துவிட்டான், தடு என்றது. அதுவும் சரியாக இருந்தது.

மிச்சத்தை ரஹ்மத் சொன்னபடியே எழுதுகிறேன். "நான் கிச்சனுக்கு ஓடிப் பார்த்தேன் அக்கா. முகம் டிவி பக்கம் திரும்பியிருக்கு. கையில ஒண்ணும் இல்ல, ஆனா ரெண்டு கட்டைவிரலும் ஆடுது. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இத விக்க முடியாது லா."

அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் கோபப்படவில்லை. ஹெட்போன் மாட்டினால் இடது வலது இன்னும் தெளிவாகக் கேட்கும் என்று சொல்லிவிட்டு, வெறுங்கையோடு கிளம்பினார். இப்போது மாதம் ஒரு ஞாயிறு சுலைமானோடு மோத வருகிறார். பெரும்பாலும் தோற்றுப் போகிறாராம்.

அதன் பிறகு நான்கு மாதம், தினமும் சாயங்காலம் கணவனும் மனைவியும் ஒவ்வொரு கேமாகப் போட்டுப் பார்த்தார்கள். அலமாரியின் புது வரிசை அப்படித்தான் பிறந்தது.

ஒரு ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தால், காதை மட்டும் வைத்துத் தனியாக விளையாடக்கூடியது. மேல் தட்டில் முப்பத்தேழு பெட்டிகள். இரண்டு ரப்பர் பேண்ட் என்றால் ரஹ்மத் பக்கத்தில் இருக்க வேண்டும். திரையில் வரும் வசனத்தைப் படித்து, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று அவர் சொல்ல வேண்டும். அது நடுத் தட்டு. கேம் என்றாலே முகம் சுளித்த ரஹ்மத், இப்போது கதாநாயகன் யாரை நம்பலாம் என்பதில் கணவரோடு சண்டை பிடிக்கிறார். நான் இருந்தபோதே ஒரு சண்டை நடந்தது. கேமில் வரும் மந்திரி நல்லவன் இல்லை என்பது ரஹ்மத்தின் கட்சி.

ரப்பர் பேண்ட் இல்லாதவை கீழ்த் தட்டு. முடியாதவை. எண்ணிக்கையில் அதுதான் அதிகம். சுலைமான் உயிரையே வைத்திருந்த கார் ரேஸ்களும் அங்கேதான். ஆனால் அந்த வரிசையும் இறுதித் தீர்ப்பு கிடையாது. சில மாதத்துக்கு ஒரு முறை கீழிருப்பதை எடுத்து மறுபடி முயல்கிறார். நான் போனபோது நடந்துகொண்டிருந்தது அதுதான். அன்று காலை ஒரு பெட்டி கீழேயிருந்து நடுத் தட்டுக்கு ஏறியிருந்தது. பிரமோஷன் என்றார். வேலையில் தனக்குப் பதவி உயர்வு வந்த அன்றுகூட அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

என்னையும் உட்காரவைத்து ஒரு சண்டை கேம் போட்டார். மூன்று சுற்று. எந்தப் பொத்தான் எதற்கு என்று நான் குனிந்து பார்ப்பதற்குள் மூன்றிலும் தரையில் கிடந்தேன்.

கிளம்பும்போது, கேட்கக் கூடாதோ என்று தயங்கியபடியே கேட்டேன். முடியவே முடியாது என்று தெரிந்தவற்றை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்?

அவர் கீழ்த் தட்டில் விரலை ஓட்டி, எண்ணிக்கொண்டே போய், ஒரு கார் ரேஸ் பெட்டியை உருவி என் கையில் வைத்தார்.

"நான்தான் விளையாட முடியாது. வர்றவங்க விளையாடலாம்ல? எடுத்துட்டுப் போங்க அக்கா. விளையாடிட்டு எனக்குச் சொல்லுங்க. நல்லா விவரமா சொல்லணும்."

நான் மேலே ஏறிய அதே லிஃப்டில் வீட்டுப்பாடத்தோடு இறங்கினேன்.

மகனுடைய கேம் மெஷினில் போட்டேன். நான்கு நாள் முதல் வளைவிலேயே சுவரில் மோதினேன். மகன் பார்க்கச் சகிக்காமல் எழுந்து போய்விட்டான். சுலைமானுக்குப் போன் செய்தேன். ரோடு எந்த நிறம், வலது பக்கம் கடல் தெரிகிறதா, எத்தனையாவது கியர் என்று துருவித் துருவிக் கேட்டார். பிரேக்கைக் கொஞ்சம் முன்னாலேயே பிடிக்கச் சொன்னார். அந்த வளைவில் தானே காரோட்டுவது போல அவர் மூச்சு வேகமாவது போனில் கேட்டது.

இன்று காலை வளைவைத் தாண்டிவிட்டேன்! உடனே அவரை அழைத்து, கடலிலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன் — அலுவலகத்துக்கு அரை மணி நேரம் லேட்.