பேட்டிக்குப் பெருவிரல் ரேகை

அன்றைக்கு விளைநிலத்து நடுவே அந்தக் காட்டு வீட்டு வாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர். பேட்டி கொடுக்க உட்கார்ந்த செங்கோடக் கவுண்டர், அவர் மனைவி பாவாயம்மாள், எங்கள் பத்திரிகையின் திருச்செங்கோட்டு ஏஜெண்டும் சைக்கிள் கடைக்காரருமான மாரப்பன், கயிறு இரவல் கேட்க வந்து அப்படியே நின்றுவிட்ட பக்கத்துக் காட்டுக் குப்பண்ணன், அப்புறம் நான். கவுண்டரின் தம்பி நல்லப்பன் அப்போது அங்கே இல்லை, பிற்பாடுதான் வந்தார். இப்படி ஆள் கணக்கை முதலில் எழுதிக்கொள்வது பத்திர எழுத்தரிடம் வேலை பார்த்த காலத்தில் வந்த பழக்கம். நாளைக்கு ஒரு வழக்கு வம்பு என்றால் யார் பார்த்தார்கள் என்று கேட்பார்களே என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

1. கேள்விகள்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சேலத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் நகல் எழுதிக்கொண்டிருந்தேன். செவ்வாய்ப்பேட்டையில் அச்சாபீஸ் வைத்திருந்தவர் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கியபோது, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னை எடுத்துக்கொண்டார். இன்ன வேலை என்று கிடையாது. புரூப் பார்ப்பேன், விலாசம் ஒட்டுவேன், தபாலாபீசுக்குக் கட்டுச் சுமப்பேன்.

ஜெர்மனி யுத்தம் தொடங்கிய புதிதில் ஆசிரியருக்கு ஒரு யோசனை வந்தது.

"மெட்ராஸ் பேப்பர்ல பெரிய மனுஷங்களைப் பேட்டி காணறான். நாம ஏர் ஓட்டறவங்களையும் தறி போடறவங்களையும் காணுவோம். உலக விஷயம் அவங்களுக்கு மட்டும் இல்லாமப் போச்சா?" என்றார்.

"அவங்க என்னங்க சொல்லுவாங்க?" என்று கேட்டேன்.

"அதைத்தானய்யா நீ போய்க் கேக்கப் போறே."

ஒரு தாளில் ஐந்து கேள்வி எழுதிக் கொடுத்தார். யுத்தம் ஏன் வந்தது? நாம் அதில் சேரலாமா? கோயிலுக்குள் எல்லா ஜாதியாரும் போகலாமா? பெண்களைப் படிக்க வைக்கலாமா? கூத்து நல்லதா, டாக்கி சினிமா நல்லதா? இந்த ஐந்தையும் எல்லோரிடமும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்வியைப் படித்ததுமே தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று பார்த்தேன். யுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடக்குறையப் போட்டால் அச்சாபீசுக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள் என்று அப்போது எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

முதல் மாதமே ஒரு சங்கடம். ஜலகண்டாபுரத்தில் ஒரு நூல் வியாபாரி, மில் துணியையும் அதை வாங்குகிறவர்களையும் வாய் வலிக்கத் திட்டினார். அப்படியே போட்டோம். அடுத்த வாரம் மனிதர் ஆபீசுக்குள் வந்து நின்றார்.

"நான் எப்பய்யா அப்படிச் சொன்னேன்? அப்ப வாய் நெறைய வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தேன். நீயா எழுதிக்கிட்டியா?"

மறுப்புப் போட வேண்டியதாயிற்று. ஆசிரியர் என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை, அன்று ராத்திரியாவது தூங்கியிருப்பேன். எனக்குத் தெரிந்த காபந்து ஒன்றுதான். மறுநாளிலிருந்து மைப்பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பேட்டி முடிந்ததும் எழுதியதை உரக்கப் படிப்பேன். கடைசியில், "படிக்கக் கேட்டுச் சரியென்று ஒப்புக்கொண்டேன்" என்று ஒரு வரி எழுதுவேன். கையெழுத்துத் தெரியாதவரிடம் இடது பெருவிரல் ரேகை வாங்குவேன். தறிக்காரர்கள் சிரித்துக்கொண்டே வைத்தார்கள். அவர்களுக்கு எழுதிக் கொடுக்க நிலம் கிடையாது. நிலம் உள்ளவரிடம் ரேகை கேட்பது வேறு மாதிரிப் போய் முடியும் என்பது, பத்திர ஆபீசில் இருந்த எனக்கே தோன்றாமல் போயிற்று.

2. காட்டு வீட்டில்

திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே போகிற மேட்டுக்காடு அது. மாரப்பன் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். கவுண்டரும் தம்பியும் நிலத்தைப் பாகம் பிரித்துக்கொண்டவர்கள். கிணறு மட்டும் பொது. வாரத்தில் இன்ன நாள் அண்ணன் மாடு பூட்டி இறைப்பது, இன்ன நாள் தம்பி இறைப்பது என்று முறை வைத்திருந்தார்கள். இதை மாரப்பன் வழியிலேயே சொல்லிவிட்டார்.

கவுண்டர் அதிகம் பேசாத மனிதர். கேள்வி கேட்டால் முதலில் தரையைப் பார்ப்பார். கோயில் விஷயத்துக்கு, "அதை ஊரு கூடிச் சொல்லோணுமுங்க. நான் ஒருத்தன் சொல்லி என்னாவுது?" என்று நழுவிக்கொண்டார். அப்படியே எழுதினேன். பெண் படிப்புக்குப் பதில் பாவாயம்மாளிடமிருந்து வந்தது.

"படிக்கட்டுமுங்க சாமி. கட்டிக் குடுத்த புள்ளை நல்லா இருக்கறாளா இல்லையான்னு தெரிஞ்சுக்க இப்ப ஒரு ஆளை மூட்டை முடிச்சோட அனுப்ப வேண்டியிருக்குது. அவன் அங்க நல்லாத் தின்னுபோட்டு வந்து, 'எல்லாம் சொகந்தான்'ங்கறான்."

"அந்த ஆளு நாந்தானுங்க," என்றார் குப்பண்ணன். மாரப்பனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது.

கூத்தா டாக்கியா என்றதற்கு, "கூத்துன்னா தூங்கி எந்திரிச்சுப் பாத்தாலும் கதை அங்கயே நிக்குமுங்க," என்றார் கவுண்டர். யுத்தத்தில் நாம் சேரலாமா என்ற கேள்வியை மெதுவாகக் கேட்டேன். "நம்மளை ஆருங்க கேட்டாங்க?" என்றார். நல்ல பதில், ஆபத்தில்லாத பதில் என்று சந்தோஷப்பட்டேன்.

யுத்தம் ஏன் வந்தது என்ற முதல் கேள்விக்குத்தான் அவர் வெகு நேரம் எடுத்துக்கொண்டார்; மற்றதெல்லாம் முடிந்த பிறகுதான் அதற்கு வந்தார்.

"இங்கிலீஷ்காரனும் ஜெர்மனிக்காரனும் ஒருத்தருக்கொருத்தர் என்ன வேணுமுங்க?" என்று திருப்பிக் கேட்டார்.

போன யுத்தத்தின்போது அந்த இரண்டு தேசத்து ராஜாக்களும் நெருங்கிய சொந்தக்காரர்கள் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன்.

"அப்ப பங்காளிச் சண்டைங்க," என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, அதுவரை பேசாத நீளத்துக்குப் பேசினார். "எந்தம்பி எம்பட மொறையில வெள்ளெனவே, நான் போறதுக்கு முந்தி, மாடு பூட்டி ஒரு பாத்தி தண்ணி எடுத்துக்கறான். எனக்குத் தெரியுமுங்க. நான் போறப்ப வாய்க்கால் ஈரமா இருக்குமில்லீங்க? ஆனா கேக்கறதில்லீங்க. கேட்டா வார்த்தை வரும். வார்த்தை முத்துனா கோர்ட்டுக்குப் போவோணும். ஒரு பாத்தி தண்ணிதான, போவட்டும்னு உட்டுட்டேன். அவியளும் அப்பிடி உட்டிருந்தா இத்தனை ரத்தம் எதுக்குங்க?"

நான் எழுதி முடித்து முழுவதையும் படித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார். மைப்பெட்டியைத் திறந்து விரலைப் பிடித்து ரேகை வைத்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் குப்பண்ணனைக் காணோம். கேட்டு வந்த கயிறு கட்டிலிலேயே கிடந்தது.

3. தம்பி வந்தது

பாவாயம்மாள் கொடுத்த மோரைக் குடித்து முடிக்கவில்லை. நல்லப்பன் வேகமாக வந்தார். காலெல்லாம் சேறு. குப்பண்ணன் அவருக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டார்.

"ஏனுங்க சேலத்துக்காரரே, எத்தனைக்கு முடிஞ்சுதுங்க?"

"எதுங்க?"

"கெணத்துப் பங்குதானுங்க. அண்ணன் ரேகை வெச்சுக் குடுத்துட்டாராமா. நாளைக்கு உங்காளு எவனாச்சும் எங்கூட மொறைக்கு நிப்பானா? இல்லை, எம்பட பங்கையும் சேத்து மடக்கறதா பேச்சா?"

மாரப்பன்தான் வாயைத் திறந்தார். "கெணத்தை வாங்கி நாங்க பத்திரிகைக்குள்ள எந்தப் பக்கத்துலீங்க வெக்கறது?"

நல்லப்பன் சிரிக்கவில்லை. அண்ணனைப் பார்த்தார். கவுண்டர் வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லையப்பா, இது வேறே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"பாத்தீங்களா, வாயைத் தொறக்க மாட்டாரு. வித்தவன் பேசுவானா?" நல்லப்பன் அண்ணனுக்கு முன்னால் போய் நின்றார். "அண்ணா, அந்தத் தண்ணி போச்சுன்னா நான் புள்ளை குட்டிகளைக் கூட்டிக்கிட்டு எங்க போறது? சொல்லு."

நல்லப்பன் என் பக்கம் திரும்பினார். "படிங்க. அதுல என்ன எழுதியிருக்குதுன்னு படிங்க. நானும் கேக்கறேன்."

என் நிலைமையை இதைப் படிக்கிறவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். படிக்காவிட்டால் கிணறு விற்றுப்போனது நிஜம் என்று ஆகிவிடும். படித்தால், தண்ணீர் திருடுகிறான் என்று அண்ணன் வெளியூர்க்காரனிடம் சொன்னதைத் தம்பி தன் காதால் கேட்க வேண்டும். அந்த இடத்தை மட்டும் தாண்டிப் படித்துவிடலாமா என்று நினைத்தேன். ரேகை வைத்த தாளில் ஒரு வரியை விட்டுப் படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"படிங்க சாமி," என்றார் பாவாயம்மாள். "இவிய ரெண்டு பேரும் பேசி நாங் கேட்டு எத்தனையோ நாளாச்சு. தாளாவது பேசட்டும்."

படித்தேன். கூத்து, டாக்கி, பெண் படிப்பு எல்லாம் போயிற்று. ரேகைத் தாளில் இதெல்லாம் எதற்கு என்று நல்லப்பன் முகம் குழம்பியது. யுத்தத்துக்கு வந்தேன். "எந்தம்பி எம்பட மொறையில" என்ற இடத்தில் குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் படித்து முடித்தேன்.

குப்பண்ணன் மெல்ல வந்து கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். போகாமல் நின்றார்.

"தெரியுமா உனக்கு?" என்றார் நல்லப்பன்.

கவுண்டர் தலையை ஆட்டினார்.

"தெரிஞ்சுமா கேக்கலை?"

"கேட்டு என்ன பண்றது."

நல்லப்பன் எனக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "எழுதுங்க. எம்பட பேட்டியும் எழுதுங்க. அதே கேள்வியக் கேளுங்க."

யுத்தம் ஏன் வந்தது என்று கேட்டேன்.

"அண்ணன் சொன்னது தப்புங்க," என்றார். "கேக்காம உட்டா சண்டை வராதுங்கறது தப்பு. எடுக்கறவனுக்கும் பயம் இருக்குமுங்க. இன்னைக்குக் கேப்பாரு, நாளைக்குக் கேப்பாருன்னு பாத்துக்கிட்டே இருப்பான். கேக்கலைன்னா ஒரு நாளைக்கு ரெண்டு பாத்தி எடுத்துப் பாப்பான். மாடு வந்து மேஞ்சுபோட்டுப் போனா மாட்டையா கேப்பாங்க? அந்த மாதிரி என்னையும் உட்டுட்டாருங்க. நான் ஒரு ஆளுன்னு நெனச்சிருந்தா, 'ஏண்டா எடுத்தே'ன்னு கேட்டிருப்பாரு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். எம்பட காடு மேட்டுல இருக்குது. கடைசிப் பாத்திக்குத் தண்ணி ஏறறதுக்குள்ள எம்பட மொறை முடிஞ்சுபோவுது. பாகம் பிரிச்சவங்க மேடு பாக்கலை."

ஒரு எழுத்து விடாமல் எழுதி, படித்துக் காட்டினேன். ரேகைக்கு அவரே விரலை நீட்டினார். நான் மைப்பெட்டியை மூடிவிட்டேன். இன்னொரு ரேகையைத் தாங்க அன்றைக்கு எனக்குத் தெம்பு இல்லை.

அப்போதுதான் கவுண்டர் தரையிலிருந்து பார்வையை எடுத்தார்.

"கடைசிப் பாத்திக்கு இன்னும் எத்தனை நேரமடா வேணும்?"

"ரெண்டு வெத்தலை போடற நேரம்."

"போட்டுக்கோ," என்றார் கவுண்டர். "வெள்ளென வராதே. நான் இருக்கறப்ப வா."

4. அச்சில்

ஆசிரியர் இரண்டு தாளையும் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதுக்கு மேல சீமைப் பத்திரிகைக்காரன் என்னய்யா எழுதிக் கிழிக்கப் போறான்?" என்றார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பத்தியாகப் போட்டோம். விட்டுக்கொடுத்திருந்தால் யுத்தம் வந்திராது என்றது ஒரு பத்தி, முதலிலேயே கேட்டிருந்தால் வந்திராது என்றது மற்றது. ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் நான் எடுத்துவிட்டேன். நல்லப்பன், பெயரைப் போட்டால்தான் ஆச்சு என்று மாரப்பனிடம் சொல்லி அனுப்பினார். அடுத்த இதழில் பெயரைப் போட்டுச் சிறு குறிப்பு வெளியிட்டோம். போலீஸ்காரர் வருவார் என்று நான் பத்து நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதம்தான் வந்தது, ஒரு கட்டு. ஜில்லாவில் பொதுக் கிணற்றில் பங்குள்ளவர்கள் அத்தனை பேரும் எழுதியிருந்தார்கள் போலிருந்தது. பாதிப் பேர் அண்ணன் கட்சி, பாதிப் பேர் தம்பி கட்சி.

அதன் பிறகு நான் ரேகை வாங்கியதில்லை. ஆனால் எழுதியதை அங்கே இருக்கிறவர்கள் அத்தனை பேர் முன்னாலும் படித்துக் காட்டுவதை விடவில்லை. புதிதாகப் பத்திரிகை வேலைக்கு வருகிறவர்களுக்கு எனக்குச் சொல்லத் தெரிந்தது இதுதான். ஒருவர் பேரில் குறை இருந்தால் அவரிடமே போய்க் கேளுங்கள். அவரிடம் பதில் இருக்கும் என்று நம்புகிறவன்தான் கேட்பான். வாயை மூடிக்கொண்டு நல்லவனாக இருந்துவிடுவது சுலபம். எனக்கு இன்றைக்கும் அதுதான் சுலபமாக வருகிறது.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து பத்திரிகைக்கு ஒரே சந்தா கட்டுவதாகச் சொன்னார்கள், இரண்டு வீட்டுக்கும் ஒரு பிரதி, ஆளுக்குப் பாதி. நல்லப்பன் தன் பாதியை மாரப்பன் கடையில் உடனே கொடுத்துவிட்டார். பெரியவர் சோளம் விற்றுத் தருகிறேன் என்றார். நான் கேட்கவில்லை. பத்திரிகையே பிறகு நின்றுபோயிற்று. செங்கோடக் கவுண்டர் பேரில் பாக்கி, ஒரு ரூபாய் எட்டணா.