குருத்தோலைச் சாக்கு

கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து, நாலாம் வகுப்போடு படிப்பை விட்டு, பிரிக்பீல்ட்ஸ் கத்தோலிக்கக் கோயிலில் பதினாறு வருடமாகச் சாமியார்களுக்குச் சமைத்துப் போட்டவர் நேசம்மா. எத்தனையோ சாமியார்கள் வந்து போனார்கள். வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதவர் என்றால் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த பாதர் டொமிங்கோ ஒருவர்தான்.

அவர் ஊரில் அணை கட்டுகிறோம் என்று விவசாயிகளின் நிலத்தைப் பிடுங்கினார்கள். அணைக்கு வந்த பணத்தை அதிபரின் ஆட்களே தின்றார்கள். கேட்டவர்கள் காணாமல் போனார்கள். மிஞ்சிய முப்பத்தேழு பேர் நடந்ததைச் சொல்லிக் கைநாட்டு வைத்த காகிதங்களைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் பாதர் இங்கே வந்து சேர்ந்தார். வேறு பிரதி கிடையாது. வெள்ளிக்கிழமை ஐரோப்பாவிலிருந்து ஒருவர் வந்து வாங்கிப் போய் உலகத்துக்குக் காட்டுவதாக ஏற்பாடு.

1986 பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை காலை. பாதர் கிள்ளானுக்குப் பூசைக்குப் போயிருந்தார். பங்சாரில் வீட்டு வேலை பார்க்கும் பிலிப்பினோப் பெண் ஒருத்தி போன் செய்தாள்.

"ஆன்டி, பாதர் எங்கே, அவர் காகிதம் எங்கேன்னு ரெண்டு போலீஸ் வந்து கேட்டாங்க. அங்கதான் வராங்க."

நேசம்மா பாதரின் அறைக்கு ஓடினார். மேசையிலிருந்த அந்தக் காகிதக் கட்டை எடுத்தார். அரிசி டின்னா? அதைத்தான் முதலில் திறப்பார்கள். பாத்திர அறையின் மூலையில், போன வருடக் குருத்தோலை ஞாயிறில் மந்திரித்துக் கொடுத்து, இப்போது காய்ந்துபோன ஓலைகளை வீட்டுக்கு வீடு வாங்கிப் போட்டிருந்த சாக்கு நின்றது. மந்திரித்த பொருள், அதில் எவன் கை விடுவான்? அடியில் செருகி, மேலே ஓலையை அமுக்கினார்.

வந்தவர்கள் அரிசி டின்னைத்தான் திறந்தார்கள். சாக்கைத் தொடவில்லை.

"சாயங்காலம் மறுபடி வருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பாதரைத் திரும்பி வராமல் தடுக்க வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டுக் கிள்ளான் பஸ்ஸில் ஏறினார். உட்கார முடியவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், செபமாலையை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். பக்கத்து சீட்டில் இருந்த வீரம்மா கோயிலுக்கு வருகிறவள்.

"என்னக்கா, எறும்பு கடிக்குதா? நாளைக்குத் திருநீற்றுப் புதனாச்சே, பூசை எத்தனை மணிக்கு?"

நேசம்மா எழுந்து பஸ் மணியை அழுத்தினார். புதன்கிழமை நெற்றியில் பூசும் சாம்பலே அந்தச் சாக்கிலுள்ள ஓலையை எரித்து எடுப்பதுதான். முந்தின நாள் மத்தியானம் எரிப்பது வழக்கம். பதினாறு வருடம் பார்த்தவருக்கு அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது.

பாதி வழியில் இறங்கிக் காசு போட்டுக் கோயிலுக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எதிர்ப்பக்கம் பஸ் பிடித்துத் திரும்பி ஓடி வந்தபோது, கோயிலுக்குப் பின்னால் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை சின்னையா சல்லடையில் சாம்பலைச் சலித்துக்கொண்டிருந்தார்.

"இந்த வருஷம் சும்மா குபுகுபுன்னு பத்திக்கிச்சு லா, அக்கா! மண்ணெண்ணெயே வேணாம்னுடுச்சு. சாக்கோட கவுத்து விட்டேன்."

நேசம்மா சல்லடைக்குள் கையை விட்டுத் துழாவினார்; சாம்பல்தான் இருந்தது.

பாதர் முதலில் வந்தார். போலீஸ் பிறகு வந்து, அவரையும் அறையையும் சோதித்து, காகிதம் கிடைக்காமல் வெறுங்கையோடு போனது. அழுது அழுது நேசம்மா சொன்னதை பாதர் நின்றுகொண்டே கேட்டார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"அவங்க பேரை இனி எந்தப் போலீசும் எடுக்க முடியாது" என்றார், பாதி மலாயும் பாதி தமிழுமாக. "எனக்கும் முடியாது. நான் ஊருக்குத் திரும்பப் போய் அவங்ககிட்டயே கேக்கணும்."

"அங்க போனா உங்கள விடுவாங்களா, பாதர்?"

"சோறு இருக்கா, அம்மா?"

மறுநாள் காலை வரிசை நகர்ந்தது. நேசம்மாவின் முறை வந்ததும் பாதரின் கட்டைவிரல் சாம்பலைத் தொட்டு அவர் நெற்றியில் சிலுவை போட்டது. மற்றவர்களைவிடக் கொஞ்சம் அழுத்தமாகவே போட்டதாக நேசம்மாவுக்குத் தோன்றியது. சனிக்கிழமை பாதர் விமானம் ஏறினார்.

அந்த மாதக் கடைசியில் அதிபர் நாட்டை விட்டு ஓடிவிட்டதாக டெலிவிஷனில் காட்டினார்கள். தெருவில் திரண்டிருந்த கூட்டத்தில் பாதர் முகம் தெரிகிறதா என்று நேசம்மா திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். தெரியவில்லை. ஜூலையில்தான் கடிதம் வந்தது. பத்தொன்பது பேரைக் கண்டுபிடித்து மறுபடி எழுதி வாங்கிவிட்டாராம். மற்றவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறாராம்.

அன்றிலிருந்து நேசம்மா உலை கொதிக்கும் நேரத்தில் பதினெட்டு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்கிறார். இன்னும் கிடைக்காதவர்களின் பேர் தெரியாது, ஆளுக்கு ஒன்று. இரண்டு தடவை சோறு குழைந்துவிட்டது.