ராத்தாவுக்கு மேலே அனுப்பிய வரைபடங்கள்

நாலாம் மாடி பால்கனியிலிருந்து என் கடை வாசல் வரைக்கும் ஒரு நைலான் கயிறு தொங்கும். நுனியில் கறுப்பு இரும்புக் கிளிப், மேலே ஜன்னல் கம்பியோரம் ஒரு பித்தளை மணி. கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். செய்தித்தாளோ கடிதமோ கிளிப்பில் மாட்டிவிட்டுப் போய்விடலாம். பர்மாவில் எங்கள் பசுந்தாங் பகுதியில், லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் எல்லா வீட்டுக்கும் இப்படி ஒரு கயிறு உண்டு. அந்தக் குறிப்பிட்ட கயிறு என் உடன்பிறந்த அக்கா, ராத்தாவினுடையது. முட்டி வலியால் அவள் படியிறங்குவதை நிறுத்தி வெகுநாளாகிறது. கூப்பிட வேண்டுமென்றால் கிளிப்பை இறக்கி என் கடையின் தகரத் தாழ்வாரத்தில் டொக் டொக்கென்று தட்டுவாள். மேலேயிருந்து சாப்பாடும் திட்டும் இந்த வழியாகத்தான் வரும். அந்தத் தேர்தல் காலத்தில் கீழேயிருந்து மேலே போனவை என் வரைபடங்கள்.

எங்கேயோ இருக்கிற அமெரிக்காவின் அதிபர் தேர்தலுக்கும், பசுந்தாங்கில் பேட்டரியும் இன்வெர்ட்டரும் விற்கிற எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். என் வீட்டுக்காரி கேட்டாள், பலமுறை, கையில் கரண்டியோடு. சம்பந்தம் மச்சான். ராத்தாவின் புருஷன் மலேசியாவுக்குப் பிழைக்கப் போய், அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்து ஏழு வருடம். கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் இரவு வேலை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிகிற நேரத்துக்கு, வேலை இடைவேளையில், ராத்தாவோடு வீடியோவில் பேசுவார். ஏழு வருடமாக அவர்கள் குடும்பம் நடத்தியது அந்த இருபது நிமிடத்தில்தான். ராத்தாவை அழைத்துக்கொள்ள அவர் போட்டிருந்த மனு மெள்ள நகர்ந்து நகர்ந்து, அந்த வருடம்தான் விசா நேர்காணல் என்கிற இடத்துக்கு வந்திருந்தது.

ஆகவே நான் செய்தி பார்க்க ஆரம்பித்தேன். அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ராத்தாவுக்காகப் பார்க்கிறேன் என்று. குடிகாரன் முதல் குப்பியை மருந்தென்று சொல்லித்தானே திறக்கிறான். இரண்டே வாரத்தில் எனக்கு வேறு வேலை இல்லை. காலையில் கண் திறக்குமுன் கை போனில் விபிஎன்னைத் திறக்கும், அது இல்லாமல் இங்கே பாதிச் செய்தி வராது. ஏதோ ஒரு ஊரில் சோள வயலுக்கு நடுவே நின்று ஒரு கிழவர், இந்த முறை யாருக்குப் போடுவதென்று யோசிக்கிறேன் என்று சொல்வார். நான் இங்கே பல் விளக்காமல் அவரிடம் மன்றாடிக்கொண்டிருப்பேன். எங்கள் வார்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் பெயர் எனக்குத் தெரியாது. விஸ்கான்சினில் எந்த மாவட்டம் எந்தப் பக்கம் சாயும் என்பது தெரியும். பேட்டரி வாங்க வந்தவர் இது எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டால், மூன்று சதவீதம் முன்னே பின்னே இருக்கும் என்று பதில் சொன்னேன். அவர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.

நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள, வீட்டுக்காரி தாமுவேயில் ஒரு கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் பர்மிய மொழியில் கனிவாகக் கேட்டாள், அங்கிளுக்கு என்ன கவலை என்று. என் வாயில் உண்மை வந்துவிட்டது. "பென்சில்வேனியா" என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டே எழுதினாள். வீட்டுக்கு வந்து பார்த்தால், பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறாள். இன்றைக்கும் அந்தச் சீட்டில் அப்படித்தான் இருக்கிறது. அது ஒருவகையில் சரியான கணிப்புதான் என்பதால் நான் திருத்தவில்லை.

"அந்த ஊருல ஓட்டுப் போடுறவனுக்குக்கூட இம்புட்டு பிரஷர் ஏறியிருக்காது. ஒங்களுக்கு ஓட்டுமில்ல, ஒரு மண்ணுமில்ல. என்னாத்துக்கு இந்தப் பாடு?" என்றாள் வீட்டுக்காரி.

ராத்தாவின் போன் பழையது. அதில் மச்சான் முகம் தெரிவதே பெரும்பாடு. அதனால் நான் பக்கத்து அச்சகத்தில் வெட்டி மிஞ்சிய தாள்களை வாங்கி வந்து, அந்த நாட்டு வரைபடத்தைக் கையாலேயே வரைந்து, மாகாணங்களுக்குச் சிவப்பும் நீலமும் தீட்டி, ஓரத்தில் நாலு வரி எழுதிக் கிளிப்பில் மாட்டி மணியடிப்பேன். ஒரு நாளைக்கு ஒன்று, பிறகு இரண்டு, கடைசி வாரங்களில் மூன்று. யார் வந்தால் கதவு திறந்திருக்கும், யார் வந்தால் சாத்திக்கொள்ளும் என்பதை நான் முடிவு கட்டியிருந்தேன். திறக்கிறவர்தான் வருவார் என்பதையும் முடிவு கட்டியிருந்தேன். எனக்குப் பிடித்த கருத்துக்கணிப்பு வரும்வரை தேடுவேன். வந்ததும் அதுதான் நம்பகமானது என்று எழுதி அனுப்புவேன். ராத்தா மேலேயிருந்து, "தம்பி, இன்னைக்கு நம்ம கலரு கொறைஞ்சாப்புல இருக்கே?" என்று எட்டிப் பார்ப்பாள். "பேனாவுல மை கொறைச்சல் ராத்தா" என்பேன். சிரிப்பாள். சமயத்தில் கயிற்றில் தூக்கு இறங்கும், உள்ளே மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்ட மொஹிங்கா, எனக்குப் பிடித்த மாதிரி மீன் தூக்கலாக.

நேர்காணலுக்கு நாள் வந்தது. தேர்தலுக்கு மூன்று வாரம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு சிக்கல் இருந்தது. எங்களைப் போன்ற பர்மாத் தமிழர்களுக்கு இரண்டு பெயர். நிக்காஹ் பதிவில் ராத்தாவுக்கு வாப்பா வைத்த பெயர், பாஸ்போர்ட்டில் டோ என்று ஆரம்பிக்கிற பர்மியப் பெயர். இரண்டும் ஒரே பொம்பிளைதான் என்று வக்கீல் எழுதிக்கொடுக்கும் பத்திரம் அதற்குள் தயாராகாது என்றார்கள். அது இல்லாமலும் போகலாம், கேட்டால் விளக்கம் சொல்லலாம். அல்லது நாளைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்கலாம். மச்சான், போய்விடு என்றார். ராத்தாவுக்குப் பயம்.

அன்றைக்கு நான் மேலே ஏறிப் போயிருந்தேன். காகிதங்களை மடியில் பரப்பி வைத்துக்கொண்டு கேட்டாள். "நீதான் நாளு பூரா அதையே பாத்துக்கிட்டிருக்கே. நீ சொல்லு. இப்பவே போயிரவா? எலெக்சன் முடிஞ்சு போனா முடியுமா?"

அவ்வளவு பெரிய கேள்வியை அதற்குமுன் யாரும் என்னிடம் கேட்டதில்லை. அதனாலேயே எனக்கு ஒரு கனம் வந்துவிட்டது. டிவியில் பேசுகிறவர்களைப் போல விரல்களைக் கோத்துக்கொண்டேன். "யபாதே" என்றேன். பர்மிய வார்த்தை. முடியும், ஆகும், கிடைக்கும் என்று பொருள். நம்ம ஆள் ஜெயித்த பிறகு அதிகாரிகளும் மனம் இளகி இருப்பார்கள், அரைகுறைக் காகிதத்தோடு போய் ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கினேன். கீழே வந்தும் சும்மா இருக்கவில்லை. அன்றைய வரைபடத்தில் "அவசரப்படாதே ராத்தா. யபாதே" என்று பெரிதாக எழுதி, மணியடித்து, மேலே அனுப்பினேன். அவள் நாளைத் தள்ளி வைத்தாள்.

ஓட்டு எண்ணிய நாள் இங்கே நல்ல பகல். கடையைத் திறந்து வைத்துப் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்குக் கரெண்ட் போயிற்று. எங்கள் பகுதியில் கரெண்ட் போனால் சற்று நேரத்தில் டவரும் படுத்துவிடும். சுற்றிலும் முப்பது பேட்டரி நிறைமாதமாக உட்கார்ந்திருக்கின்றன, போனில் நூறு சதவீதம் இருக்கிறது, செய்தி மட்டும் இல்லை. கடைசியாகப் பார்த்த எண்களையே மறுபடி மறுபடி பார்த்தேன். ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி நேரம். மேலேயிருந்து கிளிப் தகரத்தில் தட்டும். "இன்னும் இல்ல ராத்தா!" என்பேன்.

நண்பகல் வாக்கில் தெருவே அதிர்ந்தது. எல்லா மாடியிலிருந்தும் கூச்சல், கைதட்டல், விசில். நான் நாற்காலியிலிருந்து எகிறி வெளியே ஓடினேன். ஜெயித்துவிட்டோம்! மணியின் நாக்கு அறுந்துவிடும்படி கயிற்றை இழுத்தேன். "ஜெயிச்சாச்சு ராத்தா! ஜெயிச்சாச்சு!" அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது இத்தனை கீழேயிருந்தும் தெரிந்தது. உள்ளே போனாள். விடியலிலேயே ரவையில் செய்து வைத்திருந்த ஸனுயின் மகின் இனிப்புத் துண்டுகள் ஒரு பையில் கட்டி இறங்கின. நான் அதைப் பிரித்து, தேநீர்க் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் நீட்டினேன். ஒருவர் வாயில் போட்டுக்கொண்டு, பரவாயில்லையே, கரெண்ட் வந்ததற்கு இனிப்பெல்லாம் கொடுக்கிறீர்களே என்றார்.

"மீ லாபி!" விளக்கு வந்துவிட்டது. அதைத்தான் தெரு கத்தியிருக்கிறது. பிறந்ததிலிருந்து வாரத்துக்குப் பத்துமுறை கேட்கிற சத்தம், நானே கத்துகிற சத்தம். அமெரிக்காவின் ஒரு மாகாணத்துக்காகப் பசுந்தாங்கில் எவன் விசிலடிப்பான்? அதை யோசிக்கிற இடத்தில் எனக்கு மூளை இல்லை, வரைபடம்தான் இருந்தது. டவர் உயிர்பெற்று, கையிலிருந்த போன் குலுங்கிக் குலுங்கி நிஜத்தை இறக்க ஆரம்பித்தபோது என் வாயில் பாதி இனிப்பு இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இரண்டாவது முறை அந்தக் கயிற்றை இழுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இதை ஒளிக்கப் போவதில்லை. கடைக்குள் போய், விற்காத ஒரு இன்வெர்ட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ராத்தா சந்தோஷத்தில் மச்சானுக்குக் குரல்செய்தி அனுப்பியிருக்கிறாள், நாம ஜெயிச்சுட்டோம் என்று. அவர் அன்றைக்குப் புதன்கிழமை என்றும் பாராமல் கூப்பிட்டார். அவரிடமிருந்துதான் அவளுக்குத் தெரிந்தது.

தள்ளி வைத்த நாள் திரும்ப வரவில்லை. சில மாதம் கழித்து, எந்தெந்த நாட்டுக்காரர்கள் உள்ளே வரக்கூடாது என்று அங்கே போட்ட பட்டியலில் எங்கள் நாட்டின் பெயரும் இருந்தது. மனு நின்றுவிட்டது. அன்றைக்கு மேலே பார்த்து, "ராத்தா..." என்று ஆரம்பித்தேன். பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், "யபாதே தம்பி" என்றாள். பரவாயில்லை என்பதற்கும் பர்மிய மொழியில் அதே வார்த்தைதான். முடியும் என்று நான் மேலே அனுப்பியது, பரவாயில்லை என்று கீழே வந்தது.

அதற்கு முன்னமே, தேர்தல் முடிந்த வாரத்திலிருந்தே, கிளிப்பில் சாமான் சீட்டுகள் வர ஆரம்பித்திருந்தன. காகிதத்தை வீணாக்குகிற குடும்பம் இல்லை எங்களுடையது. நான் அனுப்பிய வரைபடங்களை அவள் அடுக்கி வைத்திருந்தாள். அவற்றின் வெற்றுப் பக்கத்தில் எழுதினாள். ஒரு பக்கம் நான் தீட்டிய நீலம், மறுபக்கம் பருப்பு, கொத்தமல்லி, ஊதுபத்தி. சாமான் வாங்கப் போகிற வழியெல்லாம் என் கணிப்புகளை நானே படித்துக்கொண்டு போனேன். நிச்சயம், உறுதி, சந்தேகமே இல்லை. ஒருநாள் "அவசரப்படாதே ராத்தா" வந்தது. பின்புறம் உப்பு, காய்ந்த மிளகாய், துணி சோப்பு. தெரிந்து அனுப்பினாளா, அடுக்கில் அதன் முறை வந்ததா, தெரியாது. அந்தச் சீட்டை மட்டும் கடை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அந்த நாட்களில் நான் ஒருமுறைகூட நாலாம் மாடி ஏறவில்லை. சாமான்களைக் கயிற்றில் கட்டியே அனுப்பினேன். ராத்தாவுக்கு மட்டும்தான் முட்டி வலியா என்று வீட்டுக்காரி கேட்டாள்.

போன வாரம் தகரத்தில் டொக் டொக். போய்ப் பார்த்தால் கிளிப் வெறுமனே ஆடுகிறது. அண்ணாந்தேன்.

"பேப்பரு தீந்துபோச்சு தம்பி. அடுத்த எலெக்சன் எப்போ?"

"அதுக்கு இன்னும் வருசக்கணக்காவும் ராத்தா."

"அதுவரைக்கும் நான் எதுல எழுதுறதாம்?"

அச்சகத்தில் போய் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். அந்தத் தடிமனைக் கிளிப் கவ்வவில்லை. இரண்டு மூன்று முறை முயன்றேன், வழுக்கி வழுக்கி விழுந்தது. வேறு வழியில்லாமல் படியேறினேன். மூன்றாம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது சட்டைப்பையில் போன் முனகியது. எடுக்கவில்லை என்று எழுத ஆசைதான். எடுத்தேன். பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறினேன்.

ராத்தா நோட்டை வாங்கி, ஒரு தாளை இப்படியும் அப்படியும் திருப்பினாள். "ரெண்டு பக்கமும் வெறும் பக்கமா இருக்கே" என்றாள். முதல் தாளைக் கிழித்து, ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதினாள். நான் கை நீட்டினேன். அவள் என்னைப் பார்க்காமல் எழுந்து போய், அதைக் கிளிப்பில் மாட்டி, கயிற்றை நிதானமாகக் கீழே விட்டாள்.

"கையிலதான் குடேன் ராத்தா. நான் இங்கதானே நிக்கிறேன்?"

"கீழ போய் எடுத்துக்க."

நாலு மாடியும் இறங்கினேன். கிளிப் தாழ்வாரத்தை ஒட்டி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. சீட்டில் பருப்பு இல்லை, உப்பு இல்லை. ஒரே ஒரு சாமான், என் கடையிலேயே இருப்பது.

ரேடியோவுக்கு பேட்டரி ரெண்டு. செய்தி இனிமே நானே கேட்டுக்கிறேன்.