வாசலில் ஒற்றைச் செருப்பு

எண்பதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம். பிளஸ் டூ முடித்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருச்சியில் ஒரு கல்லூரியில் அந்த வருடம்தான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயன்ஸ் தொடங்கியிருந்தார்கள். கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் இடங்கள் ரொம்பக் கொஞ்சம், கேட்பவர்கள் ஏராளம் என்று காதில் விழுந்த நிமிடமே, அது கிடைக்காவிட்டால் காவிரிப் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது என்று முடிவு கட்டிவிட்டேன்.

முதல் பட்டியலில் என் பெயர் வரவில்லை. காத்திருப்போர் பட்டியலில் மூன்றாவது ஆளாக இருந்தேன். இன்ன நாளில் வர வேண்டும், சேராமல் போனவர்களின் இடங்களை வரிசைப்படி தருவோம், கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவோம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள்.

அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. தன் மகனுடைய இடத்தைப் பறிப்பதற்காகவே ஊரில் எல்லோரும் காலையில் எழுந்து பல் விளக்குகிறார்கள் என்று நம்புகிறவர். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே எச்சரித்தார்.

“டேய், எவன்கிட்டயும் கம்ப்யூட்டர்னு வாயத் தொறக்காதே. யார் கேட்டாலும் பி.காம்னு சொல்லு.”

எதிர்வீட்டு மாமி வாசலில் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்தபடி, “எங்கடா, அப்பாவும் பிள்ளையும் ஜோடியா?” என்றாள். “பி.காம் மாமி” என்றேன். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஏதோ இருக்கிறது என்று சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வந்து சேரும் வரை நானும் அப்பாவும் பேசிக்கொண்டே போனோம்.

கல்லூரியில் தேர்வுக் குழு உட்கார்ந்திருந்தது கம்ப்யூட்டர் அறையில். திருச்சி ஜூன் வெயிலில் அந்த வளாகத்திலேயே ஏ.சி. இருந்த ஒரே அறை அதுதான் என்பதால், குழு அங்கே உட்கார்ந்ததில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்பார்கள். கோயில் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வராந்தா முழுக்க ஜோடி ஜோடியாகச் செருப்புகள்.

இங்கே எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள் உண்டு. அவர்களுடைய செருப்பைச் சேவிக்க வருகிறவர்களும் உண்டு. அதனால் செருப்பைக் கழற்றுவதை எங்கள் வீட்டில் ஒரு வித்தையாகவே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வலது செருப்பு பூக்கடைக்குப் பக்கத்தில் என்றால் இடது செருப்பு எதிர்ச்சாரியில் ஏதாவது தூணுக்குப் பின்னால். ஒற்றைச் செருப்பை எவன் தூக்கிக்கொண்டு போவான்? அப்பா வாழ்க்கையில் ஒரு செருப்பைக்கூடத் தொலைத்ததில்லை. பெருமாளைச் சேவிக்கும்போது பாதி மனசு தூணுக்குப் பின்னால் இருக்கும், அவ்வளவுதான்.

அன்றைக்கு என் காலில் பெரிய கடை வீதியில் வாங்கிய புதுத் தோல் செருப்பு வேறு. பழக்கம் விடுமா? வலது செருப்பைக் கம்ப்யூட்டர் அறை வாசலில் விட்டேன். இடது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மறைவில் வைத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தால் அப்பா கிளம்பிக்கொண்டிருந்தார்.

“நான் கேட்ல நிக்கறேன். அம்பாசிடர் கார் ஏதாவது உள்ள வந்தா அது சிபாரிசுதான். யார் எறங்கறான்னு பாத்து வெச்சுக்கணும்.”

பார்த்து வைத்துக்கொண்டு என்ன செய்வதாக இருந்தார் என்று கடைசி வரை எனக்குத் தெரியாது.

வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். என் வயதுதான். படிய வாரிய தலை, மடிப்புக் கலையாத சட்டை, மடியில் டிபன் பாக்ஸ். என்னைப் பார்த்துச் சிரித்தான். காரணமில்லாமல் சிரிக்கிற ஆளை நம்பாதே என்று எனக்குள் இருந்த அப்பா சொன்னார்.

“நமக்குத் திருவெறும்பூருங்க. அப்பா ஃபேக்டரில இருக்காரு. ஷிப்ட் முடிஞ்சு நேரா இங்க வந்துடுவாரு. வெயிட்டிங் லிஸ்ட்ல நான் நாலாவது. நீங்க?”

நாலாவது! எனக்கு அடுத்தவன்! நான் தொலைந்தால் லாபம் அடையப் போகிற ஒரே ஜீவன் என் தோளை உரசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

“நான் பி.காம்ங்க” என்றேன்.

“பி.காமுக்கு அந்தா அந்த பில்டிங்குங்க.”

“தெரியும். இங்க காத்து நல்லா வருது, அதான்.”

வளாகத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை. அவன் வெளியே வேப்பமரத்தைப் பார்த்தான், என் சட்டையில் வழிந்த வேர்வையைப் பார்த்தான். “ஆமாங்க, நல்லா வருது” என்றான். என்ன ஒரு அழுத்தக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

அட்டெண்டர் ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். “மூணு எடம்தான் காலியாம். வெயிட்டிங் லிஸ்ட்காரங்க யாரும் எங்கயும் போயிடாதீங்க. மூணு தடவ கூப்பிடுவேன், அப்புறம் அடுத்த ஆளு” என்று சொல்லிவிட்டுக் குளிர்ச்சியைக் கொஞ்சம் எங்கள் பக்கம் விட்டுக் கதவைச் சாத்தினார்.

மூன்று இடம். நான் மூன்றாவது. அவன் நாலாவது.

அவன் டிபன் பாக்ஸைத் திறந்து புளிசாதத்தை நீட்டினான். “எடுத்துக்கங்க, அம்மா நெறைய வெச்சிருக்காங்க.” பேதி மாத்திரை கலந்திருப்பானோ என்று உடனே தோன்றியது. அவனே பாதியைச் சாப்பிட்டுக் காட்டினான். அப்படியென்றால் மாத்திரை மீதிப் பாதியில் இருக்கிறது. “விரதம்” என்றேன். எந்தச் சாமிக்கு என்று அவன் கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். அவன் கேட்கவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

பிறகு அவன் பார்வை வாசலுக்குப் போனது. “அந்தப் புதுச் செருப்பு உங்களோடதுதானுங்களே? ஒண்ணுதான் கெடக்கு. இன்னொண்ண நாய் கீய் தூக்கிட்டுப் போயிடுச்சா? தேடித் தரட்டுங்களா?”

“வேண்டாம், வேண்டாம்! அது... அது அப்படித்தான்.”

அப்படித்தான் என்றால் எப்படி? எனக்கே தெரியாது. அவன் பாட்டுக்கு எழுந்து குரோட்டன்ஸ் செடிக்குப் பின்னால் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டான். எனக்குத் திட்டம் முழுவதும் புரிந்துவிட்டது. செருப்பை எடுத்து ஒளித்துவைப்பான். நான் அதைத் தேடி அலைவேன். அந்த நேரத்தில் என்னைக் கூப்பிடுவார்கள். இவன் உள்ளே போய்விடுவான். இந்தச் சதியை முறியடிக்க ஒரே வழி, இடது செருப்பை உடனே வேறு இடத்துக்கு மாற்றுவதுதான். இரண்டாவது ஆள் அப்போதுதான் உள்ளே போயிருந்தான். நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, வெறுங்காலோடு நழுவினேன். அவன் போட்டதாக நான் நினைத்த திட்டத்தை நானே நிறைவேற்றிக்கொண்டிருக்கிறேன் என்பது அந்த மூளைக்கு எட்டவில்லை. அந்த மூளைக்குத்தான் கம்ப்யூட்டர் படிக்க இடம் கேட்டிருந்தேன்.

தொட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், செருப்பு இருந்தது. அதைத் தலையணையாக வைத்துக்கொண்டு ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. நல்ல வாட்டசாட்டமான நாய். “ச்சூ” என்றேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. இதையும் அவன்தான் ஏற்பாடு செய்திருப்பானோ என்று ஒரு கணம் நினைத்தேன் என்றால் நம்புவீர்களா? கெஞ்சினேன், விசிலடித்தேன், இல்லாத பிஸ்கட்டைத் தூக்கிப் போடுவதுபோல் நடித்தேன். கடைசியில் அதுவே சலித்துப்போய் எழுந்து போனது.

செருப்பைக் கையில் எடுத்த அதே நேரம் பின்னால் தடதடவென்று காலடிச் சத்தம். திருவெறும்பூர்ப் பையன் மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தான்.

“ஏங்க! பி.காம்! நில்லுங்க!”

நான் நிற்பேனா? செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட்டம் பிடித்தேன். தரை அடுப்பாகக் கொதித்தது. வேப்பமரத்தைச் சுற்றினேன், கொடிக்கம்பத்தைச் சுற்றினேன். அவனும் விடவில்லை. “பி.காம்காரரே! நில்லுங்க!” கேட்டில் அம்பாசிடருக்காகக் காவல் நின்ற அப்பா, மகன் செருப்பும் கையுமாக ஓடுவதையும் ஒருவன் விரட்டுவதையும் பார்த்தார். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனைத் துரத்தினார். அவர் பின்னால் வாட்ச்மேன். சேர வந்தவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்கள்.

கொடிக்கம்பத்தடியில் அவன் என் கையைப் பிடித்துவிட்டான். அப்பா அவன் காலரைப் பிடித்துவிட்டார்.

“யார்றா நீ? எவன் அனுப்பிச்சான் உன்ன?”

“அய்யா, இவர உள்ள கூப்பிடறாங்கய்யா! வெயிட்டிங் லிஸ்ட்ல மூணு! மூணாவது தடவையும் கூப்பிட்டாச்சு!”

அப்போதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நான் பி.காம்ங்க!”

“சரிங்க. அத உள்ள வந்து அவங்ககிட்ட சொல்லுங்க. மொதல்ல ஓடுங்க!”

அப்பாவின் கை தானாகக் காலரை விட்டது. அவன் என்னை இழுத்துக்கொண்டு ஓடினான். அட்டெண்டர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“வாய்யா, மகராசா. மூணு தடவ கத்திட்டேன். அடுத்த ஆளக் கூப்பிட வாயெடுத்தா, அடுத்த ஆளு இவன். வந்தவன் உள்ள போகாம, அந்தா கெடக்கு பாரு ஒத்தச் செருப்பு, அதக் காட்டி, ஒரு செருப்ப விட்டுட்டு யாருங்க வீட்டுக்குப் போவா, ஆளு இங்கதான் இருக்காரு, கூட்டியாந்துடறேன்னு ஓடிட்டான். போ, போ, உள்ள காத்துக்கிட்டு இருக்காங்க.”

உள்ளே போனேன். நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். துறைத் தலைவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னை வெகு நேரம் பார்த்தார்.

“தம்பி, கையில என்ன?”

செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு வர வேண்டிய அறைக்குள், செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்த முதல் மாணவன் நானாகத்தான் இருப்பேன். என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. அவர்கள் சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது. இடம் கிடைத்தது. கடைசி இடம்.

வெளியே வந்தேன். அட்டெண்டர் இடமெல்லாம் முடிந்துவிட்டது என்று சத்தமாகச் சொன்னார். அவன் அந்தக் கதவின் கண்ணாடிச் சதுரத்தில் முகத்தை வைத்து உள்ளே பார்க்க முயன்றுகொண்டிருந்தான்.

“உள்ள எப்படிங்க இருக்கு? கம்ப்யூட்டரப் பாத்தீங்களா?”

நான் பார்க்கவே இல்லை. அது எந்தப் பக்கம் இருந்தது என்றுகூடத் தெரியாது. “ஜில்லுனு இருக்கு” என்றேன்.

“அது ஏ.சி.ங்க” என்று சிரித்தான். சிரித்த முகத்தை உடனே வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “நான் வரலைன்னா அந்த இடம் உங்களுக்குத்தானே? பி.காம்னு வேற சொல்லியிருந்தேன். அந்த மூணாவது ஆள் நான்தான்னு எப்படித் தெரிஞ்சுது?”

“பி.காமுக்கு வந்தவரு எதுக்குங்க காலைலேருந்து கம்ப்யூட்டர் ரூம் கதவையே பாத்துக்கிட்டு இருக்கப் போறாரு? அப்பவே தெரியும்.”

“அப்புறம் ஏன் வந்து கூப்பிட்டீங்க?”

அவன் ஏதோ கணக்குக்கு விடை கேட்ட மாதிரி யோசித்தான். “செருப்பு கெடந்துச்சேங்க. அது கண்ணுல படாம இருந்திருந்தா போயிருப்பேன். பட்டுடுச்சே, என்ன பண்றது?” என்றான். என் கையிலிருந்த இடது செருப்பை வாங்கி வலது செருப்பின் பக்கத்தில் வைத்துவிட்டு, “போட்டுக்கங்க, தரை சுடுது” என்றான். அவனுடைய அப்பா அப்போதுதான் ஃபேக்டரி யூனிபார்மோடு கேட்டுக்குள் வந்துகொண்டிருந்தார். அவன் அவரைப் பார்த்துக் கையை விரித்துக் காட்டியபடி நடந்தான். அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டு எங்களால் அங்கே நிற்க முடியவில்லை.

பஸ் மாம்பழச்சாலையைத் தாண்டியது. அப்பா கேட்டார்: “அவனுக்கு இதுல என்னடா லாபம்?” அடுத்த சில வருடங்களுக்கு, சாப்பிடும்போது, பேப்பர் படிக்கும்போது, திடீர் திடீரென்று அதே கேள்வி வரும். அப்பாவுக்கு அது கடைசி வரை விளங்காத வழக்காகவே இருந்தது.

அவன் அதே கல்லூரியில் கணிதம் சேர்ந்தான். கேன்டீனில் என்னை எங்கே பார்த்தாலும் “என்ன பி.காம், காத்து வருதா?” என்பான். அவன் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்த மூன்று வருடமும் கல்லூரி முழுவதும் எனக்குப் பெயர் பி.காம்தான். அவன் கொடுத்த புளிசாதத்தை அப்புறம் எத்தனையோ முறை சாப்பிட்டேன். ஒரு முறைகூட வயிற்றைக் கலக்கியதில்லை.

இப்போது எனக்குத் தலை பாதி வெளுத்துவிட்டது, மீதிப் பாதி கொட்டிவிட்டது. சந்தேகம் மட்டும் கொட்டவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன், இழுத்துப் பார்த்தேனா என்று திரும்பி வந்து பார்ப்பேன். ஆனால் கோயிலில் செருப்பை இரண்டையும் சேர்த்துத்தான் விடுகிறேன். தொலைத்திருக்கிறேன், வெறுங்காலோடு வீட்டுக்கு வந்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன். இன்னொரு பழக்கமும் அன்றைய கொடிக்கம்பத்தடியில் வந்ததுதான்: பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தால் முதலில் நின்றுவிடுகிறேன், சந்தேகப்படுவதெல்லாம் அவர் வந்து சேர்ந்த பிறகுதான்.