மூன்றாவது வரிசைக்கு பெல்ட் கிடையாது

போன ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லி டெண்ட் கொட்டகையில், முதல் ஆட்டத்தின் நடுவே, என் மனைவி சரோஜா என் தொடையில் கிள்ளினாள். செல்லக் கிள்ளு இல்லை. இன்னும் கன்றிப்போய் இருக்கிறது.

காரணம்? நான் சிரித்தேன். எந்த நேரத்தில் சிரித்தேன் என்பதுதான் விஷயம். திரையில் யுத்தம். ஒரு சிப்பாய் தன் உயிரைப் பணயம் வைத்து இன்னொருவனைக் காப்பாற்ற ஓடுகிறான். தரை டிக்கெட், பெஞ்சு, சேர் என்று வித்தியாசம் இல்லாமல் கொட்டகையே மூக்கைச் சிந்துகிறது. என் வரிசையில் கடைசி நாற்காலியில் ஒரு ரிட்டயர்டு ஹவில்தார். அவரும் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறார். நிஜ யுத்தம் பார்த்த மனிதரே அப்படி அழும்போது, எனக்கு மட்டும் இளிப்பு வந்தால் கிள்ள மாட்டாளா?

"சும்மா கெடயேன். அவுரு பாத்துடப் போறாரு" என்றாள் காதோரம்.

என்ன செய்வது... திரையில் ஓடிய அந்தச் சிப்பாய் என் மச்சினன் ஏகாம்பரம். சரோஜாவின் கூடப் பிறந்த தம்பி. அவன் எதற்காக ஓடினான் என்பது எனக்குத் தெரியும்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

ஏகாம்பரம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் லேத் ஓட்டுகிறான். அங்கேயே பேக்கிங்கில் வேலை பார்க்கும் வசந்தாவுக்கும் அவனுக்கும் பிடித்துப்போய்விட்டது. சரி, முறையாகக் கேட்டுவிடலாம் என்று கரையான்சாவடிக்குப் போனோம். பெண்ணின் அப்பாதான் மேற்படி ஹவில்தார். தெருவில் எல்லோருக்கும் 'மிலிட்டரிக்காரர்'. பெரிய மீசையும் அதட்டல் குரலுமாக இருப்பார் என்று நினைத்துப் போனால், வெடவெடவென்று ஒல்லியாக, மழுங்கச் சிரைத்த முகத்தோடு, மெதுவாகப் பேசுகிற ஆள். அதட்டுகிறவரிடம் பேசிச் சமாளிக்கலாம். மெதுவாகப் பேசுகிறவரிடம் முடியுமா?

"எனக்கு சொத்து சொகம் ஒண்ணும் வாணாம்மா. பையன் தைரியசாலியா இருக்கணும். அது ஒண்ணுதான்" என்றார்.

ஏகாம்பரம் லேத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் சரோஜா முந்திக்கொண்டாள். அவள் வாய் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

"தைரியமா? எங்க ஏகாம்பரம் சண்டைப் படத்துல சிப்பாயா நடிச்சிகீறான் அண்ணே. ஆவடியாண்ட எடுத்தாங்களே, அது."

மிலிட்டரிக்காரர் முகத்தில் முதல் முறையாக ஒரு வெளிச்சம்.

"அப்டியா? அந்தப் படம் வரட்டும். சண்டையில தம்பி எப்டி நிக்கிதுன்னு பாத்துட்டு பதில் சொல்றேன்."

ஏகாம்பரத்துக்கு முகம் செத்துவிட்டது. ஏனென்றால் அந்தச் சண்டையில் அவன் நிற்கவே இல்லை.

ஆவடிக்கு அப்பால் வறண்டு கிடந்த ஒரு ஏரியில் ஷூட்டிங். ஞாயிற்றுக்கிழமை, சிப்பாய் வேஷத்துக்கு ஆள் வேண்டும், மத்தியானம் பிரியாணி உண்டு என்றார்கள். தேசபக்தியும் பிரியாணியும் சேர்ந்து கூப்பிட்டால் எவன் வீட்டில் இருப்பான்? நானும் மச்சினனும் போனோம். பட்டாளம் மொத்தமும் முப்பது பேர் இருந்தால் அதிகம்.

கழுத்தில் விசில் தொங்கிய அசிஸ்டெண்ட் டைரக்டர் எங்களுக்கு யுத்தக் கலையை ஒரே மூச்சில் கற்றுக்கொடுத்தார்.

"கேமராவுக்கு இடது பக்கமிருந்து வலது பக்கம் ஓடுறவன் நம்ம ஆளு. வலதுலேருந்து இடதுக்கு ஓடுறவன் எதிரி. அவ்வளவுதான் சார் யுத்தம். திசையை மாத்துனீங்க, நாட்டையே மாத்திட்டீங்க."

விளையாட்டில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் எல்லா யூனிபாரமும் ஒரே சாம்பல் நிறம். தொப்பிதான் கொஞ்சம் வித்தியாசம். அதனால் ஜனங்கள் ஆளைப் பார்ப்பதில்லை, ஓடுகிற திசையைப் பார்க்கிறார்கள். இந்தத் தைரியத்தில் படக் கம்பெனிக்காரர்கள் எதிரிப் படைக்குத் தனியாக ஆள் பிடிக்கவே இல்லை. காலையில் நாங்கள் நம் படை. சாப்பாட்டுக்குப் பிறகு தொப்பியை மாற்றினால் எதிரிப் படை. காலையில் குறி பார்த்துச் சுட்டவனும் நான், மத்தியானம் அந்தக் குண்டு பட்டுச் செத்தவனும் நான். என் சாவுக்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

முப்பது பேர் எப்படி மூவாயிரம் பேர் ஆவார்கள்? பழைய டயரைக் கொளுத்திப் புகை போட்டார்கள். புகைக்குள் ஓடி, கேமராவுக்குப் பின்பக்கமாகச் சுற்றி வந்து, மறுபடி புகைக்குள் ஓடினோம். புகைக்குப் பின்னால் இருக்கிற மிச்சப் படையைப் பார்க்கிறவனே கற்பனை செய்துகொள்வான். கேமராவைப் பள்ளம் தோண்டி உள்ளே இறக்கி, அண்ணாந்து பார்க்க வைத்திருந்தார்கள். சரோஜா குடும்பத்தில் யாரும் ஐந்தடிக்கு மேல் வளர்ந்ததில்லை. பள்ளத்துக்குள் தலையைவிட்டு நான் பார்த்தபோது ஏகாம்பரம் பனைமரம் மாதிரி நின்றான்.

எல்லாம் சரி, பேண்ட் மட்டும் சரியில்லை. யாரோ ஒரு குண்டு மனிதருக்குத் தைத்த பேண்ட் அவனுக்கு வந்து சேர்ந்திருந்தது. பெல்ட் கேட்டான். "பெல்ட்டெல்லாம் முன்வரிசைக்கு மட்டும்தான். நீ மூணாவது வரிசை. உன் இடுப்பை எவன் பார்க்கப்போறான்?" என்று ஒரு சணல் கயிற்றைக் கொடுத்தார்கள்.

விசில் ஊதியது. ஓடினோம். இடமிருந்து வலம். பாதி தூரத்தில் கயிறு அறுந்தது.

ஏகாம்பரம் ஒரு கையால் துப்பாக்கியையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு நின்றான். முன்னால் கேமரா. பின்னால் ஒரு புதர். மானமுள்ளவன் எந்தப் பக்கம் ஓடுவான்? திரும்பி, புதரைப் பார்த்துத் தலைதெறிக்க ஓடினான். வலமிருந்து இடம்.

"யோவ், நீ எந்த நாட்டுக்காரன்யா?" என்று அசிஸ்டெண்ட் அலறியது ஆவடி ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்.

புதருக்குள் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டு அவன் வெளியே வருவதற்குள் பந்தி முடிந்துவிட்டது. பிரியாணி தேக்சாவை எட்டிப் பார்த்தான். அடியில் ஒரு பட்டை, ஒரு பிரியாணி இலை. அவ்வளவுதான். அப்போது அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டயர் புகையில் கண் வேறு கலங்கியிருந்தது. அந்தப் பக்கம் வந்த கேமராமேன், "அப்படியே நில்லுப்பா, அசையாதே" என்று சொல்லி, கிட்டே வந்து அந்த முகத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். எதற்கு என்று சொல்லவில்லை.

மத்தியானம் நான் எதிரியாகச் செத்தேன். நல்லபடியாகத்தான் செத்தேன். ஆனால் விழுந்த இடம் எறும்புப் புற்று. எவ்வளவு நேரம்தான் பிணமாக இருப்பது? விரல்கள் தாமாகவே மண்ணைப் பிறாண்டின. "செத்தவன் கையை ஆட்டக்கூடாது சார்" என்று அதற்கும் ஒரு திட்டு வாங்கினேன்.

ஆக, எங்கள் குடும்பத்திலிருந்து அந்தப் படத்துக்குப் போன சேவை இவ்வளவுதான். ஒரு பேண்ட், ஒரு பட்டினி, ஒரு எறும்புக்கடி. எல்லாவற்றையும் வெட்டி எறிந்திருப்பார்கள் என்று நிம்மதியாக இருந்தோம்.

படம் மவுண்ட் ரோடில் வந்தது. பார்த்துவிட்டு வந்த எங்கள் ஆபீஸ் நண்பர் என் தோளில் தட்டினார். "மாமே, உன் மச்சினன் தனியா ஓடிகினு கீறான். பளிச்னு தெரியறான்" என்றார். பிறகு என்ன ஆகிறது என்று கேட்டேன். "அந்த நேரத்துல முறுக்கு வாங்கப் பூட்டேன் மாமே."

ஏகாம்பரம் சோறு இறங்காமல் திரிந்தான். தனியாக ஓடுகிறான் என்றால் சண்டையிலிருந்து ஓடுகிறான் என்றுதானே அர்த்தம்? அதுவும் யார் பார்க்கப்போகிறார்? நான் கரையான்சாவடிக்குப் போய், படம் மகா போர், பாட்டுகூட சுகமில்லை என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். மிலிட்டரிக்காரர் மெதுவாகச் சிரித்தார். பூந்தமல்லிக்குப் படம் வந்த வாரமே, ரெண்டு குடும்பத்துக்கும் அவரே சேர் டிக்கெட் வாங்கிவிட்டார்.

அந்தக் காட்சி வந்தது.

புகை. இடமிருந்து வலம் ஓடும் கால்கள். அண்ணாந்து பார்க்கும் கேமராவில் முன்வரிசைச் சிப்பாய்கள் வானத்தை இடித்தார்கள். ஒரு குண்டு வெடித்ததும் படமே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கேமராவைத்தான் சாய்த்திருந்தார்கள். கொட்டகையில் பாதிப் பேர் தலையைச் சாய்த்தார்கள். அடுத்து எதிரியின் துப்பாக்கி முனை, கிட்டத்தில். டுமீல்.

புகைக்குள்ளிருந்து ஏகாம்பரம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். திரும்புகிறான். வலமிருந்து இடமாக ஓடுகிறான்.

"டேய், ஓட்றான்டா இவன்" என்று தரை டிக்கெட்டில் ஒருவன் கத்தினான். ஒரே விசில். வசந்தா தலையைக் குனிந்துகொண்டாள். போச்சு, கல்யாணம் போச்சு.

அப்போது சத்தம் நின்றது. குண்டு, கூச்சல், எல்லாம் நின்று கொட்டகை முழுக்க நிசப்தம். திரையில் மண்ணில் கிடக்கும் ஒரு கை. விரல்கள் உதவி கேட்டு மண்ணைப் பிறாண்டுகின்றன. அந்தக் கையை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று பார்த்தால்... என் கை. எறும்பு கடித்த என் கை.

அடுத்து ஏகாம்பரத்தின் முகம், திரை முழுக்க. எதையோ குனிந்து பார்க்கிறான். கண் கலங்கியிருக்கிறது. உலகத்தில் இனி என்ன இருக்கிறது என்பது போல ஒரு பார்வை. மெல்ல ஃபிடில் ஆரம்பிக்கிறது.

பிரியாணி தேக்சாவைப் பார்த்து அழுதவன், இப்போது என்னைப் பார்த்து அழுகிறான். குண்டு பட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கீழே விழுந்த கூட்டாளிக்காக, சாவை நோக்கித் திரும்பி ஓடிய மகாவீரன் என் மச்சினன். 'ஓட்றான்டா' என்று கத்தியவனே எழுந்து நின்று கை தட்டினான். நான் சிரித்ததும், சரோஜா கிள்ளியதும், மிலிட்டரிக்காரர் துண்டுக்குள் குலுங்கியதும் அப்போதுதான்.

படம் விட்டதும் எதிரே டீக்கடை. மிலிட்டரிக்காரர் ஏகாம்பரத்தைக் கிட்டே கூப்பிட்டார்.

"தம்பி, எதுக்குத் திரும்பி ஓடினே?"

நான் இருமினேன். சரோஜா முந்தினாள். "அதான் பாத்தீங்களே அண்ணே, கூட்டாளிய காப்பாத்தத்தான்..."

"உன்ன கேக்கலம்மா. தம்பிய கேக்கறேன்."

ஏகாம்பரம் என்னைப் பார்த்தான். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். டேய், ஒரு 'ஆமாம்' சொல்லு, தாலி கட்டிவிடலாம். அவன் திரும்பி, ஓரமாகத் தன் அம்மாவோடு நின்ற வசந்தாவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பேண்ட்டு அவுந்துடிச்சி சார். கயிறு அறுந்து போச்சி. அந்த அழுவுற மூஞ்சி... பிரியாணி தீந்துபோனப்ப எடுத்தது. கை எங்க மாமாவோடது. எறும்பு கடிச்சிது."

மொத்தமும் கொட்டிவிட்டான், பாவி. என் எறும்பைக்கூட விடவில்லை.

மிலிட்டரிக்காரர் துண்டை எடுத்தார். முகத்தைப் பொத்தினார். தோள் குலுங்கியது. ஐயோ, பெரிய மனிதரை மறுபடி அழ வைத்துவிட்டானே என்று பதறிப்போனேன். துண்டை விலக்கினார்.

மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு.

"உள்ளயும் இதான். சிரிச்சா அடிப்பானுங்களேன்னு துண்ட போட்டு மூடிகினேன். குண்டு பட்டவன் அப்டி ஓட மாட்டான் தம்பி. அது பேண்ட்ட புடிச்சிகினு ஓட்ற ஓட்டம். நானே ஓடிகீறேன். சேந்த புதுசுல எனக்குக் குடுத்த பேண்ட்டுல இன்னொரு குடும்பம் குடியிருக்கலாம். பரேடு நடுவுல அவுந்துடிச்சி. என்ன ஒண்ணு, எனக்கு ஃபிடில் வாசிக்க ஆள் இல்ல."

சிரிப்பு அடங்கியதும் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "காப்பாத்தினேன்னுதான் நீ சொல்லுவேன்னு நெனச்சேன். ஊரே கை தட்டினப்புறம் அவுந்துச்சின்னு சொன்னே பாரு..." டீக்கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"மாப்ளைக்கு ஒரு டீ போடுப்பா. சக்கரை தூக்கலா."

மாப்ளை! சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள், இந்த முறை கிள்ளாமல். வசந்தா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

ராத்திரி வீடு திரும்பும்போது பஸ்ஸில் யோசித்தேன். திரையில் ஏகாம்பரத்தின் முகம் அதே முகம்தான். பக்கத்தில் தேக்சாவை வைத்தால் பசி, கையை வைத்தால் பாசம். எடிட்டர் என்னை ஏமாற்றவில்லை, விஷயம் எனக்கு முன்னாலேயே தெரியும். ஆனால் ஃபிடில் சத்தத்தோடு குலுங்கிய தோளைப் பார்த்து, அழுகிறார் என்று நானும் முடிவு கட்டினேனே? என் முகத்துக்கும் இதே கதிதான். அதே முகத்தை ஆபீஸில் 'பொறுப்பு' என்கிறார்கள். வீட்டில் 'உம்மணாமூஞ்சி'. முன்னால் பின்னால் என்ன ஒட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மோதிரம் வரும் என்று சரோஜா அடித்துச் சொல்கிறாள். எனக்கு நம்பிக்கை இல்லை. நேற்று கரையான்சாவடிக்குப் போனபோது, மிலிட்டரிக்காரர் வாசலில் உட்கார்ந்து ஒரு பழைய பெல்ட்டின் பித்தளைக் கொக்கிக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார்.