பெரியாயி கண்ணில் விழுந்த பனி

நமுனுகுல மலைக்காரர்களுக்குப் பனி வீட்டு ஆள் மாதிரி. கேட்காமல் வரும், சொல்லாமல் போகும். அதனால்தான் ஐம்பத்தேழு வயதுப் பெரியாயிக்கு இரண்டு வருஷமாகத் தன் கண்ணில் புரை வளர்வது தெரியவில்லை. "இந்தப் பனி என்னமோ கலையவே மாட்டேங்குது" என்று மலையைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

உள்ளுக்குள் அந்த வெள்ளை அவளுக்குப் பிடித்தும் இருந்தது. தேயிலைச் செடிகள் மிதந்தன. எதிரே வருகிறவர்கள் எல்லாரும் செத்துப்போன புருஷனின் சாயலில் வந்து, கிட்டத்தில் வேறு யாரோ ஆனார்கள். ஆனால் கொழுந்துக் கூடையில் முற்றல் இலை சேர்ந்தது. "இன்னொரு தடவ இப்படி எடுத்தா மலைக்கு வராதீங்க" என்று கங்காணி சொன்ன அன்றுதான் பயந்தாள்.

தோட்டத்து மருந்துச்சாலையில் தலைவலி மாத்திரைதான் இருந்தது. டவுன் கிளினிக்கில் அரைநாள் நின்றதற்கு ஆபரேசனுக்கு அடுத்த ஆண்டில் ஒரு தேதி கிடைத்தது. தனியார் ஆஸ்பத்திரியில் கேட்ட தொகை, கார்மெண்ட்ஸில் தைக்கும் மகள் பிரசாந்தினியின் சம்பளத்துக்கு எட்டவில்லை. ஏழையின் கண் என்ன, ஆறப்போட்டு எடுக்கிற சாமானா?

பெரியாயி சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டாள். மூன்றாவது போத்தல் கேட்டபோது, பதுளையில் பாமசி நடத்தும் றஷீனா தரவில்லை. டோர்ச் அடித்துப் பார்த்தாள்.

"இது சொட்டுக்குப் போற கண் வருத்தமில்லம்மா. வார மாசம் எங்கட பள்ளிவாசல் ஆக்கள் இலவசமா கண் ஆபரேசன் செய்விக்கிறாங்க. உங்கட பேரையும் எழுதுறேன்."

"நாங்க கோயிலுக்குப் போறவங்க, பரவாயில்லையா?"

"கண்ணத்தான் பாப்பாங்க. வேற ஒண்டும் கேக்க மாட்டாங்க."

வலது கண்ணில் லென்ஸ் வைத்தார்கள். மறுநாள் கட்டைப் பிரித்து டாக்டர் விரலைக் காட்டினார். பெரியாயி விரலையும் சொன்னாள், நகத்திலிருந்த மைக்கறையையும் சொன்னாள். பஸ்ஸில் ஏறியதும் மகள் தோளில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கிவிட்டாள்.

தோட்டத்துச் சந்தியில் இறங்கினால் எங்கும் வெள்ளை. லயத்து வீடுகள் இல்லை, மரம் இல்லை, மலையே இல்லை. பெரியாயி ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சுடி. திரும்பி வந்துருச்சு. இனி எப்புடி மலைக்குப் போவேன்?"

பிரசாந்தினிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அம்மா, எனக்கும்தான் ஒண்ணும் தெரியல. இது நெசப் பனி."

பெரியாயி நம்பவில்லை. மகளின் கையைப் பிடித்திழுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் கறுத்த சின்னச் சின்னப் புள்ளிகள்.

"என்னடி இது?"

"ஊசி குத்துனது."

"எப்ப குத்துச்சு?"

"ரெண்டு வருசமா குத்துதும்மா."

பெரியாயி அந்த விரல்களை விடவே இல்லை. பிடித்தபடியே எழுந்து, பனிக்குள் லயத்தை நோக்கி நடந்தாள்.